அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு சபை

இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பள்ளிக்கூட மாஸ்டராக இருந்தேன். சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில் தொழிலாளர் குடியிருக்கப் புது லயங்கள் கட்டியதும் இறம்பொடைப் பக்கத்திலிருந்தெல்லாம் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அவர்களில் வேதக்காரர்களும் நிறைய. ஆனால் ஆராதனைக்கு டவுன் வரை மலை இறங்க வேண்டும். ஆறு பெருகினால் அதுவும் முடியாது.

அப்படியொரு மழையில்தான் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் கைக்குழந்தை இறந்துபோனது. டவுனிலிருந்து போதகர் வர வழியில்லை. வேதம் வாசிக்கத் தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். குழிக்கரையில் நனைந்தபடி ஒரு சங்கீதம் வாசித்து ஜெபித்தேன். மண் தள்ளி முடிந்ததும் அந்தத் தாய் என்னிடம் வந்தாள்.

“மாஸ்டர், ஞாயித்துக்கெழமைல இங்கனயே ஜெபம் வைப்பீங்களா? டவுனுக்கு எறங்கிப் போக எனக்குத் தெம்பு இல்லங்க.”

பார்க்கலாம் என்றேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாடம் நடத்தும்போதே ஜன்னலோரம் போய், புது லயங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இது கர்த்தர் கூப்பிடுவதா, நானாகக் கற்பித்துக்கொள்வதா? ஜெபித்தும் தெளிவு வரவில்லை, படபடப்புதான் கூடியது.

போதகரிடம் போய்ச் சொன்னேன். நல்லவர்தான், ஆனால் களைத்துப்போனவர்.

“இங்க இருக்கிற பெஞ்சே நெறயல, மாஸ்டர். ஒங்களுக்கு வந்தது அழைப்பா, அவசரமா?”

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையைப் போய்க் கேட்டதற்கு, லயத்தில் கூட்டம் கூடக் கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டில் என் மனைவி பொறுமையிழந்தாள்.

“சோத்துல கைய வச்சுக்கிட்டு எங்க பாக்குறீங்க? செய்யிறதுன்னா செய்ங்க, இல்லாட்டி விட்டுருங்க. ஒங்கள இப்படிப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியல.”

தோட்டத்து எல்லைக்கு வெளியே, ரோட்டோரம் ஒரு முஸ்லிம் முதலாளி புதிதாகக் கடை போட்டிருந்தார். கடைக்குப் பின்னால் சாமான் வைக்கும் அறை ஒன்று இருந்தது. மறுநாள் தயங்கித் தயங்கி அதைக் கேட்டேன்.

“ஞாயித்துக்கெழம சனம் சாமான் வாங்க வார நாள், மாஸ்டர். வெள்ளனவே முடிச்சிருவீங்களா?”

“முடிச்சிருவோம்.”

“அப்ப மூட்டையெல்லாம் ஒதுக்கித் தாறேன். கருவாடு நாறும். அதுக்கு ஒண்ணும் செய்யேலாது.”

முதல் ஞாயிறு அரிசி மூட்டைகள்மேல் உட்கார்ந்து பாடினோம். குழந்தையை இழந்த பெண் கதவோரமாக இருந்தாள். பாதிப் பிரசங்கத்தில் முன்கடையில் யாரோ பருப்புக் கேட்டுச் சத்தம் போட, என் பேச்சு தடுமாறியது. அப்போது அவள்தான் ஒரு பாட்டை எடுத்துக் கொடுத்தாள். அடுத்தடுத்த வாரங்களில் ஆட்கள் வாசலுக்கு வெளியேயும் நின்றார்கள்.

ஒரு ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல் போதகர் வந்து நின்றார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, “எனக்கும் எடம் குடுங்க” என்று ஒரு மூட்டையில் உட்கார்ந்தார். ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியே அழைத்தார்.

“மாசம் ஒருக்கா நான் வாறேன். மத்த வாரமெல்லாம் நீங்க பாத்துக்குங்க.”

“இது அழைப்புதானான்னு எனக்கு இன்னும் தெரியலங்க.”

“எனக்கும் சில நாள்ல தெரியிறதில்ல” என்றார்.

பிறகு கடைக்கு மேலே சரிவில் கொஞ்சம் நிலம் கிடைத்து, தகரக் கொட்டகை போட்டோம். மழை பெய்தால் பிரசங்கம் யாருக்கும் கேட்காது. அப்போதெல்லாம் நிறுத்திவிட்டுப் பாடுவோம்.