கடைசி எண் சேருமா?

தமிழ்செல்வி ராயக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் ஓசூர் வந்து போகிறவள். கணிதம் படித்தவள். தொழிற்சாலைகளின் சரக்கு விவரங்களைச் சேமிக்கும் தரவுத்தளம் ஒன்றைச் செய்து விற்கும் சின்ன கம்பெனியில் வேலை. லட்சக்கணக்கான பதிவுகளிலிருந்து கேட்டதை நொடியில் எடுத்துத் தரும் இண்டெக்ஸை எப்படிப் பயன்படுத்துவது என்று அவள்தான் கையேடு எழுதினாள்.

இரண்டு எண்களுக்கு நடுவே தேடும் வசதியைப் பற்றி, 'இது அரைத்திறந்த இடைவெளி. முதல் எண் சேரும், கடைசி எண் சேராது' என்று எழுதியிருந்தாள். மேலாளர் சிவராஜ் அந்த வரியை அடித்துவிட்டார்.

"இதென்ன பிளஸ் டூ பரீட்சையாம்மா? முதல், வரைன்னு போட்டா யாருக்கும் புரியும்."

ஒருமுறை மறுத்துப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் பூபதி போன் செய்தார். பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் கிடங்குப் பொறுப்பாளர். தேடிய பட்டியலை அச்செடுப்பது எப்படி என்று கேட்டார்.

"எதுக்குங்க சார் பட்டியல்?"

"சூடு சரியா ஏறாத இரும்பு பின்னுங்க மேடம். 4100 முதல் 4180 வரைக்கும் பேட்ச் எல்லாம் கெட்டுப்போச்சு. தேடி ஒதுக்கிட்டோம். மிச்சத்தை லாரில ஏத்தி அனுப்பியாச்சு."

சிவராஜ் அடித்துவிட்ட வரி அவளுக்கு ஞாபகம் வந்தது.

"4180 பட்டியல்ல இருக்குதுங்களா?"

காகிதம் புரளும் சத்தம். "இல்லீங்களே."

"அதுவும் லாரில போயிருக்கும் சார். நிறுத்துங்க!"

போன் துண்டிக்கப்பட்டது. சிவராஜிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் முகம் வெளிறியது.

"இப்போ கையேட்டுல அந்தப் பக்கத்தை மாத்தினா தப்பு நம்மளுதுன்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

"மாத்தலைன்னா அடுத்த கம்பெனியிலயும் இதேதான் நடக்கும் சார்."

அவள் பழைய வரியை மறுபடி தட்டச்சு செய்து, திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் ஒப்புதல் தராமல் அது வெளியாகாது. பூபதியின் எண்ணை அழைத்தால் பிஸி. மறுபடியும் பிஸி. லாரி எல்லையைத் தாண்டியிருந்தால் நேரே பெங்களூரு. அந்த இரும்பு பின் ஏதோ ஒரு வண்டியின் பிரேக்கில் போய் உட்காரும்.

சிவராஜ் சுட்டியை இழுத்து ஒப்புதலை அழுத்தினார்.

கொஞ்ச நேரம் கழித்து போன் அடித்தது. "அத்திப்பள்ளி டோல்ல லாரி டிரைவர் ராமப்பனைப் புடிச்சிட்டோம் மேடம்," பூபதிக்கு மூச்சு வாங்கியது. "ரெண்டு பெட்டி. அடியில கெடந்துச்சு. உங்க சாரை லைன்ல குடுங்க, நாலு வார்த்தை கேக்கணும்."

சிவராஜ் போனை வாங்கி, எழுந்து நின்றபடியே திட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டார். வைத்ததும் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டார்.

"வேற எங்கெல்லாம் 'வரை'ன்னு போட்டிருக்கோம்?"

தேடினாள். நிறைய இருந்தன. ராயக்கோட்டை பஸ் போயே போய்விட்டது.