வினைமுற்றில் மறைந்தவர்

செய்தி வந்தபோது எனக்குக் கண் தெரியவில்லை. தில்லைநகரில் ஒரு கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருக்கச் சொல்லியிருந்தார்கள். கைப்பேசி அடித்தது. திரையில் யார் பெயர் என்று படிக்க முடியாமல் எடுத்துக் காதில் வைத்தேன்.

“சார், நான் அவங்க பொண்ணு பேசுறேன். காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போயிட்டாங்க சார்.”

யாருடைய மகள் என்று நான் கேட்கவில்லை. குரல் தெரியும். பக்கத்து நாற்காலியில் இருந்தவர், “மருந்து எரியுதுங்களா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரை ‘மறுகரை’ என்ற பெயரில் அறிந்தவர்கள். ஒரு ஜப்பானிய அனிமே தொடருக்கு, நாற்பத்தெட்டு அத்தியாயங்களுக்கும், காசு வாங்காமல் தமிழில் சப்டைட்டில் எழுதித் தந்தவர். ஒவ்வொருவர் எழுதிய கருத்துக்கும் பதில் போட்டவர். மூன்று வாரமாகப் பதில் இல்லை. “மறுகரைக்கு என்ன ஆச்சு?” என்று உங்கள் ரசிகர் குழுவில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அவர் காலமானார். இதைச் சொல்ல எனக்கு உள்ள உரிமை இவ்வளவுதான்: நான் முசிறியில் ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், அவர் எழுதிய வரிகளுக்குப் பிழை பார்த்துக் கொடுத்தவன்.

இந்தக் கட்டுரை முழுவதும் ‘அவர்’ என்றே எழுதுகிறேன். மரியாதைக்காக மட்டும் அல்ல. பெயரையும், ஆணா பெண்ணா என்பதையும் சொல்லப்போவதில்லை. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது சரியா என்பதில் எனக்கே நிம்மதி இல்லை.

நாங்கள் அறிமுகமானது பஸ்ஸில். பள்ளி முடிந்து முசிறியிலிருந்து ஸ்ரீரங்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் இருந்தவர் கைப்பேசியில் ஏதோ பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே தமிழில் வரிகள் ஓடின. ‘அவனை பார்த்து கேள்’ என்று ஒரு வரி. இரண்டு ஒற்று இல்லை. டோல்கேட் வரை பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

“மன்னிக்கணும். அந்த இடத்துல ஒரு ‘ப்’பும் ஒரு ‘க்’கும் வரணும்.”

திரும்பினார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். “எந்த இடத்துல?” என்று படத்தைப் பின்னுக்கு ஓட்டினார். காட்டினேன். பையிலிருந்து பேனா எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். “எழுதினது நான்தாங்க. வேற எங்கயாவது இருக்கா?” பஸ் கொள்ளிடம் பாலம் ஏறி இறங்குவதற்குள் ஏழு பிழை பிடித்தோம். இறங்கும்போது சொன்னார்: “ஒண்ணு மட்டும் சார். பொம்மைப் படம்னு சொல்லாதீங்க. பொம்மை தானா அழாது. இதுங்க அழும்.”

தொடரைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆற்றுத் துறைகளில் படகு விட்டிறங்கி, சனங்களின் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஒரு நீதிபதி. முகத்தில் வாயில்லாத மர முகமூடி. பெயர் கிடையாது, ‘கேட்பவர்’ என்பார்கள். அது ஒரு பெண் என்பது நாற்பதாவது அத்தியாயத்தில், முகமூடியைக் கழற்றும்போதுதான் தெரியும். ஜப்பானிய மொழியில் யார் செய்தது என்று சொல்லாமலே வாக்கியம் நடந்துவிடுமாம். தமிழில் அது நடக்காது.

ஓர் உதாரணம். ‘மல்லிகா வந்தாள்’ என்று கரும்பலகையில் எழுதி, மல்லிகாவை அழித்துவிடுங்கள். ‘வந்தாள்’ மட்டும் நிற்கும். ஆள் போன பிறகும், வந்தது பெண்தான் என்று அந்தச் சொல் சொல்லிக்கொண்டே இருக்கும். வகுப்பில் இதைத் தமிழின் பெருமையாகவே நடத்தியிருக்கிறேன். அவரிடமும் சொன்னேன். “பெருமைதான் சார். எனக்குத்தான் தலைவலி” என்றார்.

அந்தத் தலைவலியை அவர் சமாளித்த விதத்தை இலக்கணப் பாடமாகவே வைக்கலாம். ஊர்ச் சனம் பேசும்போது ‘வந்தாச்சு, உட்கார்ந்தாச்சு’ என்று எழுதுவார். பெரியவர்கள் வாயில் ‘வந்தார்’. எதிரிகள் வாயில் ‘வந்துடுச்சா அந்த முகமூடி?’ ஒரே சொல்லில் வசவும் ஆயிற்று, ஆளும் மறைந்தாயிற்று. ஒரு வரிக்காக இரண்டு நாள் யோசித்திருக்கிறார்.

அதைக் கெடுத்தவன் நான். பத்தொன்பதாவது அத்தியாயம் உங்களுக்கு மறந்திருக்காது. நீதிபதியை அறவே வெறுக்கும் துறைக் குத்தகைக்காரன், “நேற்று அவர் என் துறைக்கு வந்தார்” என்கிறான். பிழை பார்க்க வந்த தாளில் அப்படித்தான் இருந்தது. அந்த ஒரு வரியில் மறுகரை அசந்துவிட்டார். வெறுக்கிறவன் ‘அவர்’ என்பானா? என் ஆசிரியப் புத்தி விழித்துக்கொண்டது. கதையின் முடிவை அவர் எனக்கு மட்டும் முன்பே சொல்லியிருந்தார். நான் கொஞ்சமும் யோசிக்காமல் ‘அவள் வந்தாள்’ என்று திருத்தி அனுப்பினேன். அந்த வாரம் அவருக்குக் கடும் காய்ச்சல். நான் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, படிக்காமலே போட்டுவிட்டார்.

உங்கள் குழுவில் அன்று நடந்ததை அவர் பின்னால் எனக்குப் படித்துக் காட்டினார்.

“டேய், அப்போ கேட்பவர் பொண்ணாடா?”

“மறுகரை அண்ணா, இப்படிப் போட்டு உடைச்சுட்டீங்களே!”

“அண்ணாவா? அக்காடா அது.”

“ரெண்டும் இல்ல. யாரோ ரிட்டயர்டு வாத்தியார். ஒரு ஒத்துகூட விடமாட்டேங்குது அந்த ஆளு.”

கடைசி வரியைப் படித்தபோது இருமலோடு இருமலாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. “திட்டிடுங்க” என்றேன். “என்னத்தைத் திட்ட? நீங்க இலக்கணத்தைக் காப்பாத்திட்டீங்க. ஆளைக் காட்டிக் குடுத்துட்டீங்க. அவ்வளவுதான்” என்றார். காய்ச்சலோடு உட்கார்ந்து அந்தக் காட்சியை மறுபடி எழுதினார். குத்தகைக்காரன் ஒரு வரியில் ‘வந்தான்’ என்கிறான், அடுத்ததில் ‘வந்தாள்’, அதற்கடுத்து ‘வந்துச்சு’. “அவனுக்கும் தெரியாதுல்ல சார்? உளறட்டும்” என்றார். அதைப் பார்த்துப் பாதிப் பேர் சமாதானமானீர்கள். மீதிப் பேர் இன்றுவரை மறுகரை முடிவைச் சொல்லிக் கெடுத்தார் என்றே எழுதுகிறீர்கள். கெடுத்தது நான். பழியை என் பக்கம் தள்ள அவருக்கு எத்தனையோ வாய்ப்பு வந்தது. ஒரு முறைகூடத் தள்ளவில்லை.

சொந்தப் பெயரில் எழுதினால் என்ன என்று ஒரு நாள் கேட்டேன். பதிலுக்கு என்னைக் கேட்டார்.

“நம்ம பக்கம் புதுசா ஒருத்தரைப் பாத்தா முதல்ல என்ன கேப்பாங்க?”

“எந்த ஊருன்னு.”

“ஸ்ரீரங்கம்னு சொன்னா?”

“எந்தத் தெருன்னு.”

“தெருவைச் சொன்னா?”

அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை, தெருவிலேயே எல்லாம் வந்துவிடும் என்பது இந்த ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

“அதுக்கப்புறம் நான் என்ன எழுதினாலும் அந்தத் தெரு எழுதின மாதிரிதான் படிப்பாங்க. வயசு தெரிஞ்சா, இந்த வயசுல இதெல்லாமான்னு ஒரு சிரிப்பு வேற” என்றார். உங்களில் ஒருவர்கூட எந்தத் தெரு என்று கேட்டதில்லை என்பதை அடிக்கடி சொல்வார். அது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்த இடத்திலாவது பதிவு செய்துவிடுகிறேன்.

ஆனால் இன்னொரு நாளும் உண்டு. அதுதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது. சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் நின்றிருந்தோம். பக்கத்தில் தொட்டியம் பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள். “‘நான் தீர்ப்புச் சொல்ல வரல, கேக்க வந்தேன்’, அந்த லைன் இருக்குல்ல, அதை ஹாஸ்டல் சுவத்துலயே எழுதி வெச்சிருக்கேன்டி” என்றாள் ஒருத்தி. அது இவர் எழுதிய வரி. இவர் டீயைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். என் முழங்கையைத் தொட்டு, “சொல்லிடவா சார்?” என்றார். “சொல்லுங்களேன்” என்றேன். வாயைத் திறந்தார். அதற்குள் மற்றவள், “மறுகரை கண்டிப்பா மெட்ராஸ் பையன்டி, இருபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்காது” என்றாள். இவர் வாயை மூடிக்கொண்டார். காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றபோது, “நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு சார்” என்றார். சொல்லாமல் விட்டதில் சந்தோஷமா வருத்தமா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டிருக்கலாம். இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். மகள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்தான் மறுகரை என்பது அவளுக்கே, அவர் போன பிறகு, கைப்பேசியில் வந்து விழுந்த உங்கள் செய்திகளைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கிறது.

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல” என்றாள்.

“ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுப் பொண்ணு மறுகரைன்னா உயிரை விடுவா சார். ரெண்டு வருஷமா அந்தத் தொடரை என்னையும் பாக்கச் சொல்றா. கார்ட்டூன்லாம் யாரு பாப்பான்னுட்டேன். வீட்டுலயும் அதையேதான் சொல்லியிருக்கேன். அவங்க கேட்டுட்டுதான் இருந்தாங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் பேரைப் போடணும் சார். போட்டோவும் போடணும். வாழ்நாள்ல யாரும் அவங்களை ஒரு வார்த்தை பாராட்டினதில்லை, நான் உள்பட. இப்பவாவது தெரியட்டும்.”

கேட்பவர் முகமூடியைக் கழற்றும் காட்சியை எழுதி முடித்த அன்று அவர் சொன்னதை அவளிடம் சொன்னேன்: “வேற யாரும் பிடுங்காம, தானே கழட்டினாங்க பாருங்க, அதுதான் சார் கதை.”

மகள் என்னை நேராகப் பார்த்தாள். “அவங்க கைதான் இப்ப இல்லையே சார். என் கைதானே இருக்கு?”

முப்பது ஆண்டு வகுப்பில் நின்றிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. டீக்கடையில் திறந்த வாயை நான் பார்த்தவன். அவர் இருந்திருந்தால் என்றாவது ஒருநாள் சொல்லியிருப்பாரோ என்னவோ. கடைசியில், “நீ முதல்ல அதைப் பாரும்மா. நாப்பத்தெட்டையும் பாரு. அப்புறம் போடணும்னு தோணினா போடு. நான் தடுக்கமாட்டேன்” என்றேன். யோசித்து, சரி என்றாள். அதுவரை பெயரில்லாமல் உங்களுக்குச் செய்தி சொல்லும்படி என்னிடம் கேட்டுக்கொண்டாள். “நீங்க எழுதுறதை நான் முடிச்சப்புறம்தான் படிப்பேன்” என்றும் சொன்னாள்.

நேற்று அழைத்தாள். பதினேழாவது அத்தியாயத்தில் இருக்கிறாளாம். பின்னணியில் ஆற்றுச் சத்தமும் துடுப்புச் சத்தமும் கேட்டன. படத்தை நிறுத்தாமலே பேசினாள்.

“சார், ஒண்ணே ஒண்ணு. இந்தக் கேட்பவர் ஆம்பளையா பொம்பளையான்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

“சொல்லல.”

“எங்க ஆபீஸ் பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன், வாயைத் திறந்தா கொன்னுடுவேன்னு.”

படத்தில் யாரோ வழக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவளே, “வெச்சுடறேன் சார், கீழ ஓடுற லைன் போயிடும்” என்று வைத்துவிட்டாள்.

முடித்த பிறகு என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. பெயர் போட்டால் போடட்டும். அது அவளுடைய உரிமை. அதுவரை உங்களில் அண்ணா என்றவர்கள் அண்ணா என்றும், அக்கா என்றவர்கள் அக்கா என்றும் அழுதுகொள்ளுங்கள். இரண்டையும் அவர் ஒருபோதும் திருத்தியதில்லை.

இறந்தவரின் நினைவாகக் கண்ணாடியையோ பேனாவையோ வைத்துக்கொள்வார்கள். என்னிடம் இருப்பது அவருடைய பெயர். அதைச் சொல்லாமல் வைத்திருப்பது நான் நினைத்த அளவுக்குச் சுலபமாக இல்லை. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு முறை வாய்விட்டுச் சொல்கிறேன். சொன்னதும், வெளியே கேட்டிருக்குமோ என்று எழுந்து போய் ஜன்னலைப் பார்க்கிறேன்.