அத்தை அங்கே இல்லை

என்னை விலக்கிய ஞாயிற்றுக்கிழமை இரண்டு முறை விலக்கினார்கள். முதலில் தமிழில், பிறகு தெலுங்கில். திருப்பதியில் எங்கள் சபை ஒரு டயர் கடையின் மாடியில் கூடுகிறது. பாதிப்பேர் என்னைப்போல வேலூர், திருத்தணிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள், பாதிப்பேர் உள்ளூர்த் தெலுங்குக்காரர்கள். அதனால் பாட்டு, பிரசங்கம், கல்யாண அறிவிப்பு, சாவு அறிவிப்பு எல்லாமே இரண்டு தடவை நடக்கும். மூப்பர் எழுந்து, இந்தச் சகோதரி உபதேசத்தில் தவறிப்போனதால் இன்றுமுதல் ஐக்கியத்தில் இல்லை, மனந்திரும்பும்வரை யாரும் இவரோடு உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டாம் என்றார். மொழிபெயர்க்கிற பிரதர் கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு அதையே தெலுங்கில் சொன்னார். சபை ஆமென் என்றது. அதில் என் வீட்டுக்காரர் குரலும் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற குரல், எத்தனை பேர் நடுவிலும் எனக்குத் தெரிந்துவிடும்.

படியிறங்கும்போது மொழிபெயர்த்த பிரதர் பக்கத்தில் வந்து, "ஏமி அனுகோகண்டி அக்கா," என்று மெதுவாக மன்னிப்புக் கேட்டார். உங்கள் தெலுங்கு நன்றாக இருந்தது என்றேன். வேறு என்ன சொல்வது.

என்னுடைய கள்ள உபதேசம் மொத்தமே மூன்று வார்த்தைதான். அத்தை அங்கே இல்லை. அங்கே என்றால் நரகத்தில்.

அத்தை என்பது என் வீட்டுக்காரரின் அம்மா. சித்தூர்ப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமம். காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, கடைசியில் கொஞ்சம் சொந்த நிலம் பார்த்தவர். ஊர்த் தெய்வம் கங்கம்மாவைக் கும்பிட்டவர். மகன் கம்பெனி வேலைக்குப் போன இடத்தில் இயேசுவை ஏற்றுக்கொண்டு, சபையிலேயே என்னைப் பார்த்துக் கட்டிக்கொண்டபோது அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முதல் தடவை ஊருக்குப் போன அன்று நான் மருமகள் லட்சணமாகக் கரண்டியோடு ஓரமாக நின்றேன். "இன்னாத்துக்கு நின்னுக்கினு கீற? சோறு ஆறிப்பூடும், உக்காரு," என்று மகனுக்கு எதிரில் என்னை உட்காரவைத்தார். கழனி வேலைக்குப் போகிற வீட்டில் ஆம்பளை முதலில், பொம்பளை அப்புறம் என்று பார்க்க யாருக்கும் நேரம் இருந்ததில்லையாம். குண்டான் நடுவில், எல்லோரும் சுற்றிலும்.

அந்தப் பழக்கத்தை நாங்கள் திருப்பதிக்குக் கொண்டுவந்துவிட்டோம். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவருக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. நான் டியூட்டி முடிந்து வருவதும் அவர் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புவதும் முட்டிக்கொள்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், தரையில் பேப்பரை விரித்து எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். சண்டைகூட அப்போதுதான் போடுவோம், வேறு நேரம் கிடையாது.

அத்தை சிறுநீரகம் கெட்டுப்போய் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் கிடந்தார். என் வீட்டுக்காரர் கட்டிலோரம் முழங்காலில் நின்று, ஒரே ஒரு தடவை இயேசுவே என்று கூப்பிடும்மா என்று கெஞ்சினார். அத்தை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஜெபம் பண்ணது போதும் நைனா, போயி எதுனா துன்னு," என்றார். மறுநாள் போய்ச்சேர்ந்துவிட்டார். ஊரில் இளைய மகன்தான் கொள்ளி வைத்தார். மூத்தவரான என் வீட்டுக்காரர் விசுவாசி என்பதால் தள்ளி நின்றார். ஊரிலிருந்து திரும்பியதிலிருந்து அவர் வீட்டில் அம்மா என்ற சொல்லையே எடுப்பதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கே போயிருப்பார் என்று சபை சொல்லிக்கொடுத்திருந்ததோ, அந்த இடத்தில் வைத்துத் தன் தாயை நினைத்துப் பார்க்க எந்தப் பிள்ளைக்கு முடியும்?

அடுத்த மாதம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். சொந்தக்காரர்களுக்குச் சுவிசேஷம் சொல்லத் தாமதிக்காதீர்கள் என்று பேசிக்கொண்டே வந்த மூப்பர், "நம்ம பிரதரோட தாயார் இப்ப எங்க இருக்காங்கன்னு நெனச்சிப் பாருங்க," என்றார். அவர் கல்மனசுக்காரர் இல்லை. உதாரணம் கையெட்டும் தூரத்தில் இருந்தது, எடுத்துவிட்டார். நான் டீ டம்ளர்களோடு வாசலில் நின்றிருந்தேன். என் வீட்டுக்காரரின் தலை குனிந்துகொண்டே போனதைப் பார்த்தேன். வாய் தானாகத் திறந்துவிட்டது.

"அத்தை அங்க இல்ல."

"எங்க இல்ல, சிஸ்டர்?"

"நரகத்துல இல்ல."

அன்றைக்கு டீயை யாரும் குடிக்கவில்லை.

அத்தோடு போயிருந்தால், துக்கத்தில் உளறிவிட்டாள் என்று விட்டிருப்பார்கள். ஆனால் அடுத்தடுத்த வாரங்களில் சபைப் பெண்கள் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். ஒருத்திக்குச் செத்துப்போன அக்கா, இன்னொருத்திக்கு அப்பா. "எங்க நைனாவும் அங்க இல்லியா?" என்று அப்பாவை இழந்தவள் மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கங்கம்மாவையோ முருகனையோ கும்பிட்டபடியே செத்துப்போனவர் ஒருவராவது இல்லாத வீடு எங்கள் சபையில் கிடையாது. இல்லை, இல்லை என்று எல்லோருக்கும் சொன்னேன். அது உபதேசமாகிவிட்டது.

மூப்பர் ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர். விசாரித்தபோது அவர் கோபப்படவில்லை. "ஞானஸ்நானம் எடுத்த அன்னிக்கு எங்கப்பா என்னை வீட்ட வுட்டுத் தொரத்துனாரு, சிஸ்டர். அவரு சாவுக்குக்கூட நான் போவல. நீங்க சொல்றதுதான் நெசம்னா, நான் எதுக்காக எல்லாத்தையும் வுட்டுட்டு வந்தேன்?" என்று கேட்டார். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக அத்தையை நெருப்பில் போட எனக்கு மனசு வரவில்லை.

விலக்கின அன்றே என் வீட்டுக்காரர் மூப்பரிடம் போய்ச் சட்டத்தைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் சமைக்கலாம், போடலாம், அவர் சாப்பிடலாம். எதிரே சேர்ந்து உட்கார்வதுதான் கூடாது. மூப்பரின் மனைவி போனில் என்னைத் தேற்றினார். "நான் எங்க வூட்டுக்காரரோட ஒரு நாளும் சேந்து துன்னதில்ல. எனக்கு இது ஒரு தண்டனையாவே தெரில, சிஸ்டர்." நியாயம்தான். சபையில் முக்கால்வாசி வீடுகளில் இந்தச் சட்டம் வந்ததுகூடத் தெரியாமல் போயிருக்கும்.

மறுநாள் காலை அவர் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். நான் சமையலறையில் இருந்தேன். எங்கள் வாடகைப் போர்ஷனில் இரண்டுக்கும் நடுவே கதவில்லாத வாசல். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். சண்டையாக இருந்தால் பரவாயில்லை, ஒருவர் இறங்கிவந்தால் தீர்ந்துவிடும். இது அப்படி இல்லை. அவர் குரலும் உயரவில்லை, முகமும் சுளிக்கவில்லை. உப்பு வேண்டுமா என்றால் வேண்டும் என்பார், அவ்வளவுதான்.

நான் நின்றுகொண்டே சாப்பிடப் பழகினேன். ஒரு குழம்பை இரண்டு நாளைக்கு ஓட்டினேன். ஆஸ்பத்திரியில் மட்டும் ஆள் கூட்டிப் பந்தி. என்னோடு வேலை செய்கிறவர்களில் ஒருத்தி வருஷம் தவறாமல் மலையேறி முடி கொடுக்கிறவள், இன்னொருத்தி ரம்ஜானுக்கு நோன்பு இருப்பவள். இருவரும் டப்பாவைத் திறந்து என் தட்டில்தான் முதலில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் எனக்குப் பின் பெஞ்சு. இராப்போஜன அப்பமும் திராட்சரசப் பாத்திரமும் எனக்கு முன் வரிசையோடு திரும்பிப் போய்விடும். ஆரம்பத்தில் அதைப் பார்த்துக் கோபம் வந்தது. கோபமும் எத்தனை நாளைக்குத்தான் நிற்கும், அதற்கும் கால் வலித்து உட்கார்ந்துவிட்டது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் மூப்பர் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வந்தால் நான் டீ கொடுத்து எதிரே உட்காருவேன், அவர் குடிக்க முடியாது.

"ஒரே ஒரு வார்த்தை, சிஸ்டர். தப்பா சொல்லிட்டேன்னு சபைக்கு முன்னால சொன்னா போதும். அன்னிக்கே அப்பம் எடுக்கலாம்," என்றார்.

சரி, சொல்கிறேன் என்றேன். மனம் ஒன்றும் திரும்பிவிடவில்லை. அலுத்துவிட்டது. நான் என்ன சொன்னாலும் அத்தை இருக்கிற இடத்தில்தான் இருக்கப்போகிறார், எனக்கு எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் மறுநாளுக்கான வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்குச் சொல்லிடறேங்க," என்றேன்.

சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லாத."

"இன்னாங்க இது, உங்களுக்காகத்தான் சொல்லப்போறேன்."

"சபைல எல்லாருமே எங்கம்மா அங்கதான் கீறாங்கன்றாங்க. நானும் ஆமென் சொல்லிக்கினு கீறேன். நீ ஒருத்திதான் இல்லன்ற. நீயும் மாத்திச் சொல்லிட்டா, அப்பறம் எங்கம்மாவுக்கு யாரு கீறா?"

இத்தனை மாதத்தில் அம்மா என்று அவர் வாயால் கேட்டது அப்போதுதான். நான் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். பிறகு கேட்டேன்.

"அப்போ நீங்களும் நம்பறீங்களா?"

"எனக்குத் தைரியம் இல்ல," என்றார். "நீ நம்பிக்கினு இரு."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் பேப்பரை விரித்து, இரண்டு தட்டையும் எதிரெதிரே வைத்தேன். அவர் வந்து பார்த்தார். குனிந்து தன் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பேப்பரைச் சுருட்டி எறிந்தேன். என் பிழை அவருக்கு வேண்டுமாம், பிழை செய்தவளோடு உட்கார மட்டும் கூடாதாம். நல்ல கணக்கு. அதற்கப்புறம் உட்கார்ந்து யோசித்தால் கோபப்படவும் முடியவில்லை. அவரிடம் இருக்கிற சபையும் ஒன்றுதான், இருந்த அம்மாவும் ஒன்றுதான். இரண்டில் எதையும் விட அவரால் ஆகவில்லை. ஒன்றை அவர் பிடித்துக்கொண்டார், இன்னொன்றைப் பிடித்துக்கொள்ள என்னிடம் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூப்பர் பின் பெஞ்சைப் பார்த்தபடி காத்திருந்தார். நான் எழுந்திருக்கவில்லை. அவர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார், தெலுங்கிலும் சொன்னார்கள்.

இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறோம். அவர் முன்னறையில், நான் சமையலறையில். சில நாள் தட்டில் சோறு போட்டுக்கொண்டு போனவர் கை வைக்காமலே உட்கார்ந்திருப்பார். எனக்கு அவர் முதுகு தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே கேட்பார்.

"இன்னொரு தபா சொல்லு."

"அத்தை அங்க இல்ல," என்பேன்.

அதைக் கேட்டபிறகுதான் சோற்றைப் பிசைவார். அவர் ஆரம்பித்ததும் நானும் ஆரம்பிப்பேன்.