வாளியின் காது எங்கே பிய்ந்தது?

போன வாரம் இந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுதித் தொலைத்தேன். தண்ணீர் வாளியைத் தலைக்கு மேலே வேகமாகச் சுற்றினால், வாளி கவிழ்ந்தாலும் ஒரு சொட்டு விழாது என்று.

சான்பாடாவிலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். "நன்னா இருந்தது. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்... நீங்க செஞ்சு பாத்தேளா?"

எங்கே பார்த்தேன்! பள்ளிக்கூடப் பாடத்தை அப்படியே எழுதியிருந்தேன். இத்தனை வருஷம் பத்தி எழுதுகிறவனுக்கு இதைவிட மானக்கேடு உண்டா? "ஞாயித்துக்கிழமை செஞ்சு பாத்துட்டுச் சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை. செம்பூரில் எங்கள் மொட்டைமாடி. கையில் சாம்பார் வாளி — பந்தியில் பரிமாறுவோமே, அந்த எவர்சில்வர் வாளிதான். முக்கால் வாளிக்கு மேல் தண்ணீர். கால் வாளியோடு சுற்றினால் அந்த அம்மா ஒப்புக்கொள்வாரா?

"ஏன்னா, இந்த வயசுல இது தேவையா?" மனைவி படிக்கட்டுக் கதவைத் தாண்டி வரவில்லை.

சுற்றினேன். தலைக்கு மேலே வாளி கவிழ்ந்தது... ஒரு சொட்டு விழவில்லை! தண்ணீருக்கு நேராகப் பாய்ந்து ஓடத்தான் ஆசை. வாளி அதை நடுவைப் பார்த்து வளைத்துக்கொண்டே வருகிறது. வேகம் குறைந்தால்தான் தண்ணீர் முந்திக்கொண்டு தலையில் கொட்டும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மூன்றாவது சுற்று. அப்பாடா, மேலே தாண்டியாச்சு என்று மூச்சு விட்டேன் — டப்! கையில் பிடி மட்டும். வாளி எதிர்ச்சுவரில் மோதி, தண்ணீர் முழுக்க என் மேல் திரும்பியது.

மறுநாள் தாராவியில் இஸ்மாயில் பாயின் பாத்திரப் பட்டறைக்குப் போனேன். அவர், பிடி மாட்டியிருந்த காது பிய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"இதச் சுத்துனீங்களோ?"

"எப்படித் தெரியும் பாய்?"

"சும்மா தூக்குனா இப்பிடிக் கிழியாது சார். கீழ வரும்போதுதான பிஞ்சிச்சு?"

அசந்துபோனேன். "நான் மேலதான் ஆபத்துன்னு நெனச்சேன்!"

"மேல பூமியும் ஒங்க கூடச் சேந்துல்லா இழுக்கு. கீழ ஒத்த ஆளா வளைக்கணும், தண்ணிக் கனத்தயும் தாங்கணும். அம்புட்டும் காத அடிச்ச இந்த ரெண்டு ஆணி மேலதான்."

நாமெல்லாம் அண்ணாந்து பார்த்துப் பயப்படுகிறோம். அறுந்துபோவதோ, தாண்டிவிட்டோம் என்று நினைக்கிற இடத்தில்.

சொன்னபடி வாசகிக்குப் போன் போட்டேன்.

"தண்ணி விழுந்துதா?"

"மேல விழலை. கீழ வாளியே போயிடுத்து."

"அப்போ நீங்க எழுதினது பாதிதான்?"

"பாதிதான் அம்மா."

இனிமேல் நனையாமல் எதையும் எழுதுவதில்லை.