கதவுக்கடியில் போன தாள்

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் ஈசிஜி அக்கா. நெஞ்சுவலி என்று வருகிறவர்களுக்கு ஒயர்களை ஒட்டி, மெஷின் துப்பும் தாளைக் கிழித்து டாக்டர் மேசையில் வைப்பது வேலை. பதினொரு வருஷம் அப்படித்தான் வைத்தாள். தாளில் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. தபால்காரர் கடிதத்தைப் பிரித்தா படிக்கிறார்?

ஒருநாள் பெயின்டர் ஒருவர் நெஞ்செரிச்சல் என்று வந்தார். டாக்டர் விபத்துக் கேஸில் மாட்டிக்கொண்டிருந்ததால் தாள் நாற்பது நிமிஷம் மேசையிலேயே கிடந்தது. பெயின்டர் பெஞ்சிலிருந்து சரிந்தார், எழுந்திருக்கவில்லை. அவர் மகன் இரும்பு ஸ்டூலைத் தூக்கினான்.

"உன் கையிலதானே இருந்துச்சு? பாத்தியா இல்லையா?"

தடுத்த அவள் மணிக்கட்டு முறிந்தது. விழுந்தவள் விலாவில் இரண்டு உதை.

"பாத்தேன்னும் சொல்ல முடியல, பாக்கலைன்னும் சொல்ல முடியல," என்று வீட்டில் தங்கையிடம் அழுதாள். மாவுக்கட்டோடு இருந்த ஆறு வாரமும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

திரும்பி வந்ததும் படிக்க ஆரம்பித்தாள். சரியாக விழாத தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டங்களை எண்ணினாள். மறுநாள் வார்டுக்குப் போய், அந்த நோயாளிக்கு என்ன வியாதி என்று எழுதியிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டாள். துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி தாறுமாறாக இருந்தால், இதயத்தின் மேலறை ஒழுங்கில்லாமல் நடுங்குகிறது. மேலறையும் கீழறையும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் துடித்தால், நடுவே துடிப்பைக் கடத்தும் பாதையில் முழு அடைப்பு. "நீயும் உன் புருஷனும் சண்டை போட்ட வாரம் மாதிரி," என்று தங்கைக்கு விளக்கினாள். உச்சிக்குப் போன கோடு கீழே இறங்காமல் தோள் உயரத்திலேயே நின்றுவிட்டால் மாரடைப்பு. அதைப் பார்த்தால் ஓட வேண்டும்.

அடுத்த வருஷம் ஒரு காலை பத்து மணிக்கு, தெருச் சண்டையில் குத்துப்பட்ட ஒருவனைத் தூக்கி வந்தார்கள். வரும்போதே உயிர் இல்லை. டாக்டர் அதைச் சொன்னதும் கூட வந்த இருபது பேரும் பாய்ந்தார்கள். கண்ணாடி நொறுங்கியது. காவலாளியின் மண்டை பிளந்தது. டாக்டரும் நர்ஸுகளும் டூட்டி ரூமுக்குள் ஓடி, கதவுக்குப் பின்னால் பீரோவை நகர்த்திவிட்டார்கள். திரைக்குப் பின்னால் மெஷினோடு இருந்த அவளை யாரும் நினைக்கவில்லை.

இறந்தவனின் மாமன் திரையைக் கிழித்தான். அவள் தலைமுடியைப் பிடித்துக் கட்டில் கம்பியில் முகத்தை மோதினான். முன்பல் இரண்டும் போயின. குளுக்கோஸ் ஸ்டாண்டை ஓங்கினான்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. ஸ்டாண்ட் விழுந்தது. தாடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். முகம் சாம்பலாகி வேர்வை கொட்டியது.

வாசல் திறந்துதான் கிடந்தது. அவள் ரத்தத்தைத் துப்பினாள்.

"படு."

"என்னடி பண்ணப் போற?"

"படுடா!"

ஒயர்களை ஒட்டும்போது அவள் வாய் ரத்தம் அவன் நெஞ்சில் சொட்டியது. தாள் வந்தது. இதயத்தின் அடிப்பக்கத்தைக் காட்டும் மூன்று கோடுகளும் இறங்காமல் தோள் உயரத்தில் நின்றன. ஒரு ஒயரைப் பிடுங்கி வலது நெஞ்சில் ஒட்டிப் பார்த்தாள். அங்கேயும் அதே. வலதுபக்கமும் பாதித்திருக்கும்போது, நாக்குக்கடியில் வைக்கும் வழக்கமான மாத்திரையைக் கொடுத்தால் பிரஷர் சட்டென்று விழுந்து ஆளே போய்விடலாம்.

தாளில் கிறுக்கினாள்: 'அடிப்பக்கம் அட்டாக். வலதும். நாக்கு மாத்திரை வேண்டாம்.' கதவுக்கடியில் தள்ளினாள்.

"யாரு?" என்றது டாக்டர் குரல்.

"ஈசிஜி. தாளைப் பாருங்க சார்!" என்றவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "எங்க மேல இன்னும் ஒரு அடி விழுந்துச்சுன்னா உங்க மாமன் இங்கயே செத்துருவான். ஒதுங்குங்கடா!"

பீரோ நகரும் சத்தம் கேட்டது. டாக்டர் வெளியே வரவும் மாமனின் இதயம் துடிப்பை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கவும் சரியாக இருந்தது. முதல் ஷாக்கில் அந்தப் பெரிய உடம்பு தூக்கிப் போட்டது. கத்திக்கொண்டிருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். இரண்டாவது ஷாக்கில் துடிப்பு திரும்பியது.

மூன்று வாரம் கழித்து மாமன் மனைவியோடு அவள் வீட்டுக்கு வந்து தலைகுனிந்து நின்றான்.

"உயிரைக் கொடுத்த தங்கச்சி நீ. என் மேல கொடுத்த போலீஸ் கேஸை மட்டும் வாபஸ் வாங்கிடும்மா."

"உசிரைக் காப்பாத்துனது என் வேலை. என் மூஞ்சியை உடைச்சது நீ செஞ்சது. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாத," என்று கதவைச் சாத்தினாள்.

சாட்சிக் கூண்டில் வக்கீல் எத்தனை மடக்கியும் அவள் சொன்னதை மாற்றவில்லை. அவனுக்கு ஒன்றரை வருஷம் கிடைத்தது.

ஜெயிலிலிருந்து செக்கப்புக்கு அவனைப் போலீஸோடு அழைத்து வந்தார்கள். அன்று டூட்டி அவளுக்குத்தான். குனிந்து ஒட்டும்போது அவன் மூச்சு முகத்தில் பட, அவள் கை நடுங்கி ஒயர்கள் ஆடின, கோடு கலைந்தது. அந்தத் தாளைக் கசக்கிப் போட்டாள். இரண்டாவதும் கலைந்தது. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மூன்றாவதை எடுத்தாள். கோடு தெளிவாக விழுந்தது.