சுகந்தினி வாங்கிய ஏசி மெஷின்

விடத்தல்தீவில் நண்டு ஏற்றும் வான் ஓட்டுகிற ஒரே பெண் சுகந்தினி. படகுகள் கரைக்கு வந்து, வலையிலிருந்து நண்டைக் கழற்றி, நிறுத்து, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடுக்க எப்படியும் பத்து மணி தாண்டிவிடும். பன்னிரண்டுக்குள் மன்னாரிலுள்ள கம்பனியில் இறக்கவேண்டும். ஆகவே அவள் ஓடுவது எப்போதும் உச்சி வெயிலில்தான். நண்டுச் சங்கத்தில் எழுத்து வேலை பார்ப்பவள் நான். தினமும் அவளைப் பார்க்கிறவள் என்பதால், ஊர் சொல்வதைவிட எனக்குக் கொஞ்சம் கூடத் தெரியும்.

2009இல் நடந்த கடைசிச் சண்டையில் அவளும் தமையனும் இருந்த தறப்பாள் கொட்டில் தீப்பிடித்தது. அவளுடைய முதுகு, கழுத்து, இரண்டு கை எல்லாம் எரிந்தன. ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். ஒட்டிய தோல் வேர்க்காது. நமக்கு வேர்த்து உடம்பு ஆறும்; அவளுக்குச் சூடு உள்ளேயே நிற்கும். வெயிலில் அரை மணித்தியாலம் போதும், தலை சுற்றி விழுந்துவிடுவாள். இரண்டு தரம் விழுந்ததை நானே பார்த்தேன். வானில் ஏசி வேலை செய்தால் அவள் உழைப்பாள். செய்யாவிட்டால் ஈரத் துவாய்த்துணியைப் போர்த்திக்கொண்டு நாலு சுவருக்குள் கிடப்பாள். இவ்வளவுதான் விஷயம். ஆனாலும், “மகாராணிக்கு ஏசி இல்லாமல் ஓடாதாம்” என்று கடற்கரையில் சிலர் சிரித்தார்கள். அப்படிச் சிரித்த இருவரை நான் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன். அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை.

2013ஆம் ஆண்டு மாசி மாதம் ஏசி குளிரை நிறுத்தியது. கராஜ்காரர் யோகராசா காஸ் அடித்துக் கொடுத்தார். மூன்று கிழமை குளிர்ந்தது, பிறகு அனல். மறுபடி காஸ், மறுபடி அனல். நாலாம் தரம் போனபோது நானும் கூட இருந்தேன்.

“எங்கையோ லீக் இருக்கு யோகராசாண்ணை. அதைப் பாருங்கோவன்” என்றாள்.

“கடற்கரை வான் எண்டால் இப்பிடித்தான் தங்கச்சி. காஸ் அடிச்சு அடிச்சு ஓடவேண்டியதுதான். இல்லாட்டிக் கண்ணாடியை இறக்கிப்போட்டு ஓடுங்கோ, நல்ல காத்து வரும்.”

“எனக்குக் காத்து வேண்டாம், குளிர் வேணும். நீங்கள் பாக்காட்டி நான் பாக்கிறன்.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கொழும்புக்கு அனுப்பியது என்று நினைக்கிறேன்.

வீட்டில் வைத்தே வாகன ஏசியைப் பார்க்கக்கூடிய சின்ன மெஷின் ஒன்று இருப்பதை அவள் கைபேசியில் வீடியோவாகப் பார்த்திருந்தாள். அழுத்தம் காட்டுகிற இரண்டு மீற்றர், நீலமும் சிவப்புமாக இரண்டு ஹோஸ், காற்றை உறிஞ்சுகிற ஒரு பம்ப். எல்லாம் ஒரே பெட்டிக்குள். கொழும்புக் கடைக்காரர், “உங்கட கராஜ் எங்க இருக்கு?” என்று கேட்டாராம். “வீட்டு முத்தத்திலை” என்று சொல்லி வாங்கி, பஸ்ஸில் அதற்கும் ஒரு ரிக்கெற் எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு வந்தாள். வழியில் பஸ்ஸை மறித்த ஆமிக்காரன் மீற்றரையும் ஹோஸையும் பார்த்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். “ஏசி” என்றாள். அவன் நம்பவில்லை. பிறகு அவளுடைய எரிந்த கையைப் பார்த்தான். பெட்டியை மூடிவிட்டு இறங்கிப் போனான்.

அவளுடைய தமையன் செல்வராசா மெஷினைக் கண்டதும் கோபத்தில் துள்ளினார். “உனக்கென்ன விசரே பிள்ளை? நான் வானை ஓடுறன். நீ பேசாமல் வீட்டிலை இரு.”

அவர் கெட்ட மனிதர் அல்ல. அன்று தீக்குள்ளிருந்து அவளை இழுத்து வந்தவர் அவர்தான். அந்தப் பயம் இன்னும் அவரை விட்டுப் போகவில்லை. ஆனால் ஒருத்தியைத் தீயிலிருந்து இழுத்தெடுத்துவிட்டு வீட்டுக்குள் அடைத்து வைப்பது என்ன நியாயம்?

மெஷின் வேலை விடிகாலையில்தான், வெயில் ஏறமுன். நானும் போய் நிற்பேன். அதைப் பூட்டி, ஏசிக் குழாய்களுக்குள் இருப்பதையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு நிறுத்தவேண்டும். மீற்றர் ஊசி அசையாமல் நின்றால் ஓட்டை இல்லை. ஏறினால் எங்கேயோ காற்று உள்ளே போகிறது. முதல் நாள் ஊசி ஏறியது. கொஞ்சம் காஸை விட்டு, மூட்டு மூட்டாகச் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தாள். முன்பக்கம் முழுக்கப் பூசியும் ஓட்டையைக் காட்டும் ஒரு குமிழிகூட வரவில்லை. இரண்டாம் நாளும் அதே கதை. செல்வராசா கதிரையைப் போட்டு உட்கார்ந்து, “சொன்னால் கேக்கமாட்டாள்” என்று என்னிடம் முறையிட்டார். நான் தலையாட்டவில்லை.

மூன்றாம் நாள் பாயை விரித்து வானுக்கடியில் நுழைந்தாள். பின்பக்கத்துக்கும் ஏசி உள்ள வான் அது. குளிர்க்குழாய் தளத்துக்கு அடியால் பின்னுக்குப் போகிறது. அவள் குழாயைத் தடவிக்கொண்டு போகையில் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. முந்தின நாள் செல்வராசா ஏற்றிப்போன நண்டின் தண்ணீர். தளத்தில் ஒரு துளை, அதற்கு நேர் கீழே குழாய், குழாயில் வெள்ளையாய்ப் பூத்த உப்பு. நுரையைப் பூசினாள். புசுபுசுவென்று பொங்கியது.

“அண்ணை, இந்த ஓட்டை ஆர் போட்டது?”

“நான்தான்” என்றார் செல்வராசா. “நண்டுத் தண்ணி தேங்கி நாறுது, துளை போட்டுத் தாங்கோ எண்டு நீதானே கேட்டனி.”

உண்மைதான். இந்தக் கரையில் நண்டு ஏற்றுகிற எல்லா வானிலும் அந்தத் துளை இருக்கிறது. எங்கள் மூளை அவ்வளவுதான். அழுகிறாளோ என்று வானுக்கடியில் குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். “நாலு தரம் காஸ் அடிச்ச மனுசன் ஒருக்காக் குனிஞ்சு பாக்கேல்லையே!” என்றாள்.

உப்பு தின்ற குழாயை மாற்ற வழி இல்லை. பின்னுக்குப் போகும் குழாய்களை முன்னாலேயே கழற்றி, வாயை இறுக்கி அடைத்தாள். இனிக் குளிர் முன்பக்கத்துக்கு மட்டும். பின்னால் இருப்பது நண்டுதானே, அதற்கு ஐஸ் இருக்கிறது. மறுபடி உறிஞ்சி நிறுத்தினாள். அரை மணித்தியாலம் மூவரும் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அசையவில்லை. காஸை நிறைத்தாள்.

அது சித்திரை வெயில். அடுத்த வாரம் ஒருநாள் பெட்டிகளை ஏற்றி முடித்ததும் செல்வராசா வந்து கையை நீட்டினார். “சாவியைத் தா பிள்ளை. இண்டைக்கு நெருப்பாய் எரிக்குது. உந்த மெஷினை நம்பிப் போகாதை.”

“தரமாட்டன். பயமெண்டால் கூட வாங்கோ. பின்னாலை ஏறுங்கோ.”

முன் இருக்கையில் மெஷின் இருந்தது. மன்னாரில் ஒரு ரீச்சர் தன் காரின் ஏசியைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். எனக்கும் அன்று கம்பனியில் வேலை. ஆகவே நானும் செல்வராசாவும் நண்டுப் பெட்டிகளுக்கு நடுவே ஏறிக் குந்தினோம். அவள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓடத் தொடங்கினாள். முன்னால் அவளுடைய தாவணி குளிர்காற்றில் ஆடியது. பின்னால் எங்களுக்கு ஒரு துளி குளிர் இல்லை. பத்து நிமிடத்தில் செல்வராசாவின் சேட்டு வேர்வையில் முதுகோடு ஒட்டிவிட்டது.

“பிள்ளை, இஞ்சை அவியுது. வேர்த்து ஊத்துது.”

சுகந்தினி திரும்பவில்லை. றோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

“உங்களுக்கு வேர்க்குதெல்லோ அண்ணை? வேர்க்கட்டும்.”

செல்வராசா முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் சாவியைக் கேட்கவேயில்லை.