பன்னிரண்டு படச் சுருள்

மோல்டே துறைமுகத்துக்கு மேலே புகைப்படக் கடை வைத்திருந்தாள் ராக்னா. எழுபதுகளில் எங்கள் ஊரில் கேமரா இல்லாத வீடு குறைவு; ஆனால் யாரும் லேசில் படம் எடுக்க மாட்டார்கள். கிறிஸ்துமஸுக்குப் போட்ட பிலிம் அடுத்த கிறிஸ்துமஸ்வரை உள்ளேயே கிடக்கும். முப்பத்தாறு படமும் முடிந்தால்தான் கழுவக் கொடுப்பார்கள். பொறுமையில்லாதவர்கள் மிச்சத்தைத் தீர்க்க வீட்டுப் பூனையை எடுத்துத் தள்ளுவார்கள். ஊரிலுள்ள பூனைகளையெல்லாம் கழுவிக் கழுவி ராக்னாவுக்கு அலுத்துவிட்டது.

அதனால் நீளமான பிலிமை டப்பாவோடு வாங்கி, இருட்டறையில் கையால் தடவியே பன்னிரண்டு படத்துக்கு மட்டும் வெட்டினாள். பழைய உருளைகளில் டேப் வைத்து ஒட்டிச் சுற்றி விற்றாள். ஞானஸ்நானத்துக்குப் பன்னிரண்டு, கல்யாண நாளுக்குப் பன்னிரண்டு. ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒவ்வொருவரிடமும் ஒரே பாட்டுதான் பாடுவாள்: "பன்னிரண்டு வந்ததும் நிறுத்திடணும். முரண்டு பிடிச்சா சுத்துற கைப்பிடியை இழுக்கக் கூடாது."

எதிர்த் தீவில் மீன் பிடிக்கும் டோர்லைஃபும் அந்த அக்டோபரில் ஒரு சுருள் வாங்கிப் போனார். அப்பா விட்டுப்போன படகுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு கனடா போன தம்பி அமுண்ட், பல வருஷம் கழித்து வந்திருந்தான். கப்பலில் சமையல்காரன். கப்பல் ஒரு பகல்தான் நின்றது. சாயங்காலம் போய்விட்டான்.

மறுநாள் காலையில் கடையில் போன் அடித்தது.

"ராக்னா, உன் பிலிம் முடியவே மாட்டேங்குது. பதினெட்டுன்னு காட்டுது, இன்னும் சுத்துது."

"பன்னிரண்டுல நிக்கலையா?"

"கொஞ்சம் முரண்டு பிடிச்சுது. நான் விடுவேனா? ஒரே இழு."

ராக்னாவுக்குப் புரிந்துவிட்டது. டேப் பிய்ந்து, பிலிம் உருளையைவிட்டு முழுசாக வெளியே வந்துவிட்டது. இனி அதை உருளைக்குள் திரும்பச் சுற்ற முடியாது. மூடியைத் திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் போய்விடும்.

"அதான், திறந்து என்னன்னு பாத்துடலாம்னு..."

"தொடாதீங்க! கையை எடுங்க! நான் வர்றேன்!"

கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்தாள். தீவுக்குப் போகும் படகில் அவளுக்கு டிக்கெட் கிழித்தவன் நான். "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டேன். "ஒரு கேமராவுக்கு" என்றாள், சிரிக்காமல்.

டோர்லைஃப் கேமராவைக் கம்பளி ஸ்வெட்டரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, நாயைக்கூடக் கிட்டே சேர்க்காமல் உட்கார்ந்திருந்தார். ராக்னா கேமராவோடு உருளைக்கிழங்கு போட்டுவைக்கும் நிலவறையில் இறங்கினாள். மேலே பலகையை மூடி, அதன்மேல் கம்பளம் விரித்து, டோர்லைஃப் தானே அதில் உட்கார்ந்துகொண்டார்.

"காபி போடட்டுமா?" என்று மேலிருந்து கத்தினாள் அவர் மனைவி போர்கில்.

"அசையாதே மனுஷி! வெளிச்சம் உள்ளே போயிடும்!" என்றார் டோர்லைஃப்.

"காபியில எங்கேயிருந்துய்யா வெளிச்சம் வருது?"

கீழே ராக்னா மண்வாசனைக்கு நடுவில் கேமராவின் மூடியைத் திறந்தாள். பிலிம் மறுபக்கத்துத் தண்டில் தளர்வாகச் சுற்றிக் கிடந்தது. விரல் நுனியால் ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்து, வெளிச்சம் புகாத டப்பாவில் போட்டு மூடினாள். அதன்பிறகுதான் ஒழுங்காக மூச்சு விட்டதாகப் பிற்பாடு சொன்னாள்.

டோர்லைஃபும் கூடவே கடைக்கு வந்தார். அவள் பிலிமைக் கழுவும்வரை கடைவாசலில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். "அவன் என்கூட நின்னதுக்கு வேற அத்தாட்சி கிடையாது தாயே" என்று கதவைப் பார்த்துச் சொன்னார்.

ராக்னா ஈரப் பிலிமைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்றில் முழுக்க டோர்லைஃபின் கட்டைவிரல். மற்ற பதினொன்றிலும் குறையே இல்லை. அண்ணனின் தொப்பியை மாட்டிக்கொண்டு தம்பி சிரிக்கிறான். அடுத்ததில், போர்கில் எடுத்தது, இருவரும் அந்தப் பழைய படகின்மேல் சாய்ந்து நிற்கிறார்கள். டோர்லைஃப் அப்படியே படியில் உட்கார்ந்தார். சிரித்தார், மூக்கைச் சிந்தினார், மறுபடி சிரித்தார்.

"இனிமே இழுப்பீங்களா?"

"மீனைத் தவிர எதையும் இழுக்க மாட்டேன்."

கடைசிப் படகில் பிலிம் துண்டை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்து எனக்குக் காட்டினார். "விரல் படாம பாரு" என்று அதட்டல் வேறு. பிரதிகள் கனடாவுக்குப் போயின. அடுத்த கோடையில் அமுண்ட் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்தான். மாடி அறையில் தங்கி, அண்ணனோடு தினமும் கடலுக்குப் போனான்.